இளைஞர் இயக்கமும் மனப்புண் ஆற்றும் பணியும்

(படிப்பு வட்டங்களுக்குரிய பாடம்)

ஒரு சங்கத்தின் ஐந்தொகையைப் படிக்கும்போது கட்டடம், கையிருப்பு நூல், விதை, உரம், வரவேண்டிய பாக்கி ஆகிய யாவும் அதில் இடம் பெற்றிருப்பதைக் காண்கிறோம். தறிக்கும் எந்திரத்திற்கும் ஆண்டுதோறும் தேய்மானம் ஒதுக்குகிறோம். ஆனால் அச்சங்கத்திற்காக ஓடியாடி உழைக்கும் இளைஞரின் தேக பலமும் மனத்திடமும் எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை. அவையும் தேயும் பொருள்களே. அவற்றுக்கு ஒதுக்கீடு செய்யாத சங்கம் ஒரு நாள் உழைக்க ஆளின்றி நிற்கும்.

இவ்வுண்மையை நன்கு விளக்கக்கூடிய வரலாறு ஒன்று உண்டு. அது அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் 1960ஆம் ஆண்டு முதல் கறுப்பின இளைஞர் நடத்திய உரிமைப் போராட்டத்தின் வரலாறாகும். அப்போராட்டத்தின் வெற்றிகளைப் பலர் அறிவர். அதில் ஈடுபட்டோர் எவ்வாறு தங்களைத் தயார் செய்துகொண்டனர், அடிபட்டபின் எவ்வாறு தேறினர், எங்கே தேற முடியாமல் போயினர் என்பவற்றை அறிந்தோர் சிலரே. நமக்கு இன்னொரு சிறப்பான காரணமும் உண்டு. அவ்வியக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கூட்டுறவு முறை நிற்பதைக் காண்கிறோம்.

1. போராட்டத்தின் பின்னணி

அமெரிக்காவில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டில் சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் தென்பகுதி ராஜ்யங்களில் கறுப்பினத்தவர்க்குப் பள்ளி வேறு, பஸ்ஸில் இருக்கை வேறு, தண்ணீர்க் குழாய் வேறு என்ற ஒதுக்கல் முறை தொடர்ந்து நிலவிற்று. வாக்காளர் பட்டியலில் பெயர் பதியச் சென்றால் எழுத்துத் தேர்வு என்ற பெயரால் தடுக்கப்பட்டனர். மிஸிஸிப்பி ராஜ்யத்தில் வாக்குரிமைச் சட்டத்திற்கு முன் பதிவு பெற்றிருந்த கறுப்பினத்தவர் 100க்கு 7 பேருக்கும் குறைவு.

சட்டத்தைக் காட்டிலும் வலிய தடை ஒன்று இருந்தது. பெரும்பாலோர் பிறர் நிலத்தில் பருத்தி பயிரிடும் வாரக் குடிகளாகவும் கூலிகளாகவும் இருந்தனர். குடியிருந்த வீடு நில உடைமையாளருடையது. விதைக்குக் கடன் தருபவரும் அவரே. அறுவடையை நிறுத்து விலை போடுபவரும் அவரே. உரிமை கேட்டவனுக்கு முதலில் கிடைத்த தண்டனை சிறையன்று. வீட்டைக் காலி செய்யும்படியான உத்தரவே. அடிமைப்பட்ட பொருளாதாரத்தின்மேல் அரசியல் சுதந்திரத்தைக் கட்ட முடியாது என்பதை அம்மக்கள் அனுபவத்தால் கற்றனர்.

2. கூட்டுறவில் பயின்ற ஒரு பெண்மணி

எல்லா பேக்கர் அம்மையார் 1903ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் பிறந்தார். அவருடைய பாட்டி அடிமையாகப் பிறந்தவர். எஜமானன் குறித்த ஆளை மணக்க மறுத்ததற்காகத் தண்டனை பெற்றவர். அக்கதைகளைக் கேட்டு வளர்ந்த எல்லா பேக்கர், படிப்பை முடித்து நியூயார்க் நகரம் சென்றார். அந்நாளில் பெரும் பொருளாதார மந்தம் உலகை வாட்டிற்று. 1930ஆம் ஆண்டில் கறுப்பின இளைஞர் கூட்டுறவுக் கழகம் என்ற ஸ்தாபனம் தோன்றிற்று. அதன் தேசிய நிர்வாகியாக எல்லா பேக்கர் பணிபுரிந்தார். பண்டங்களை மொத்தமாக வாங்கும் குழுக்களையும் கூட்டுறவுக் கடைகளையும் இளைஞரைக் கொண்டே ஏற்படுத்துவது அதன் நோக்கம். போதிய மூலதனமின்மையால் அக்கழகம் நீடிக்கவில்லை. ஆனால் அங்கே அவர் பெற்ற பாடம் நீடித்தது. சாதாரண மக்கள் கூடி ஆலோசித்துத் தங்கள் காரியத்தைத் தாங்களே நடத்தவல்லர் என்பதே அப்பாடம்.

1960ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள், வட கரோலினா ராஜ்யத்துக் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கல்லூரி மாணவர்கள் ஊல்வொர்த் கடையின் சிற்றுண்டிப் பகுதியில், வெள்ளையர்க்கென ஒதுக்கிய இருக்கைகளில் அமர்ந்து உணவு கேட்டனர். உணவு மறுக்கப்பட்டது. அவர்கள் எழுந்து போகவில்லை. மறுநாள் மேலும் பலருடன் வந்தனர். இரண்டு மாதங்களுக்குள் இம்முறை தென்பகுதி நகரங்கள் பலவற்றிற்கும் பரவிற்று.

சிதறிக் கிடந்த இம்மாணவர்களை ஒன்று கூட்ட முன்வந்தவர் எல்லா பேக்கர். அப்போது அவருக்கு வயது 56. 1960 ஏப்ரலில், ராலி நகரத்து ஷா பல்கலைக் கழகத்தில் அவர் கூட்டிய மாநாட்டின் பயனாக ‘மாணவர் அஹிம்சை ஒருங்கிணைப்புக் கமிட்டி’ பிறந்தது. மூத்தோர் ஸ்தாபனங்கள் அம்மாணவர்களைத் தங்கள் கிளையாக்கிக்கொள்ள விரும்பின. எல்லா பேக்கரோ, இளைஞர் தங்கள் முடிவைத் தாங்களே செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார். கூட்டங்களில் அவர் பேசியதைவிடக் கேட்டது அதிகம். கேள்வி கேட்டதும் அதிகம். ஒரு பெருந்தலைவரை நம்பி நிற்கும் கூட்டம் அவர் வீழ்ந்தால் தானும் வீழும். ஒவ்வொருவரிலும் தலைமையை வளர்க்கும் கூட்டமே நிலைக்கும் என்பது அவர் கொள்கை. மூத்த அங்கத்தினர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். இளைஞருக்கு இடம் விடுவது வேறு, அவர்களைக் கைவிடுவது வேறு. அவர் இடம் விட்டார். ஆனால் உடன் இருந்தார்.

3. துணிவு பயிற்சியால் வருவது

டென்னஸி ராஜ்யத்து நாஷ்வில் நகரில் மாணவர்களுக்கு ஆசிரியராய் அமைந்தவர் ஜேம்ஸ் லாஸன். கொரிய யுத்தத்துக்குப் படையில் சேர மறுத்துச் சிறை சென்றவர் அவர். பின்னர் மெதடிஸ்ட் சபையின் ஊழியராக நம் நாட்டிற்கு வந்து, 1950களின் நடுவில் நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றியவர். இங்கே தங்கியிருந்த காலத்தில் காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையை அவர் ஆழ்ந்து கற்றார். திரும்பிச் சென்றபின் ஒரு தேவாலயத்தில் மாலை வகுப்புகள் நடத்தினார்.

அவ்வகுப்பில் போதனையுடன் ஒத்திகையும் நடந்தது. சிலர் சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்தவர்களாகவும் சிலர் அவர்களைத் தாக்குவோராகவும் நடித்தனர். தாக்குவோர் வசை கூறுவர், முகத்தில் புகை ஊதுவர், நாற்காலியிலிருந்து தள்ளுவர். அமர்ந்தவர் திருப்பி அடிக்காமலும் எழுந்து ஓடாமலும் இருக்கப் பழகுவர். கீழே விழுந்தால் தலையை எவ்வாறு காத்துக்கொள்வது, ஒருவரைப் பலர் தாக்கும்போது மற்றவர் எவ்வாறு குறுக்கே சென்று அடியைப் பங்கிட்டுக்கொள்வது என்பனவற்றையும் கற்றனர். ஒத்திகை முடிந்தபின் எல்லோரும் உட்கார்ந்து, தத்தம் மனத்தில் எழுந்த கோபத்தையும் அச்சத்தையும் வெளிப்படையாகப் பேசினர். அஞ்சுவது குற்றமன்று, அச்சத்தை மறைத்துக்கொண்டு களத்திற்குச் செல்வதே ஆபத்து என அவர்கள் உணர்ந்தனர்.

தம்மால் அடியைத் தாங்க இயலாது என்று கண்டவர்க்கு வேறு வேலைகள் இருந்தன: செய்தி கொண்டு செல்லல், வண்டி ஓட்டல், கைதானவர் வீட்டாருக்குத் தகவல் தரல் முதலியன. இவற்றைச் செய்தவரும் போராட்டத்தினரே.

1960 பிப்ரவரி 13ஆம் நாள் நாஷ்வில் மாணவர்கள் அமர்வைத் தொடங்கினர். 27ஆம் நாள் அவர்கள் தாக்கப்பட்டனர்; கைதானவரோ தாக்கியவரல்லர், அமர்ந்திருந்த ஏறத்தாழ 80 மாணவர்களே. அபராதம் செலுத்த மறுத்துச் சிறை சென்றனர். ஊரார் சும்மா இருக்கவில்லை. நகரின் கடைகளில் பொருள் வாங்குவதை நிறுத்தினர். ஏப்ரல் 19ஆம் நாள் விடியற்காலையில், மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்ஸாண்டர் லூபியின் வீட்டின்மேல் வெடிகுண்டு வீசப்பட்டது. அன்றே ஆயிரக்கணக்கானோர் வாய் பேசாது நடந்து நகர மண்டபத்தை அடைந்தனர். அங்கே 21 வயது மாணவியான டயான் நாஷ், நிறத்தைக் காரணமாக வைத்து வேற்றுமை பாராட்டுவது சரியா என்று நகரத் தலைவர் பென் வெஸ்டை நேரே கேட்டார். சரியன்று என அவர் ஒப்புக்கொண்டார். மே 10ஆம் நாள் நகரின் சில சிற்றுண்டிப் பகுதிகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டன.

4. பாட்டும் கூட்டமும்

1961 மே மாதத்தில் வெளியூர் பஸ்களில் ஒதுக்கலை எதிர்த்துப் ‘சுதந்திரப் பயணம்’ நடந்தது. மே 14ஆம் நாள் அலபாமா ராஜ்யத்தில் ஆனிஸ்டன் அருகே ஒரு பஸ் தீக்கிரையாயிற்று. முதற்குழுவினர் பயணத்தை நிறுத்த நேர்ந்தது. வன்முறையால் இயக்கத்தை நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் ஏற்பட்டால் எதிர்காலமே இல்லை என்று கருதி, நாஷ்வில் மாணவர்கள் அப்பயணத்தை ஏற்றுத் தொடர்ந்தனர். மிஸிஸிப்பியில் ஜாக்ஸன் நகரை அடைந்தவர்கள் கைதாயினர். அக்கோடையில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே சிறைப்பட்டனர். பலர் பார்ச்மன் என்னும் கொடுஞ்சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

சிறையில் அவர்கள் பாடினர். பாட்டை நிறுத்தாவிட்டால் மெத்தைகளைப் பறிப்போம் என்றனர் காவலர். அவ்வாறே பறித்தனர். வெறும் இரும்பில் படுத்துக்கொண்டு மேலும் பாடினர். அடுத்தடுத்த அறைகளில் ஒருவர் முகத்தை ஒருவர் காண முடியாதபோது, குரலே அவர்களை ஒன்றாகக் கட்டிற்று. ஜார்ஜியா ராஜ்யத்து ஆல்பனியில் 1961ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த போராட்டத்தில் இப்பாட்டுகள் தேவாலயக் கூட்டங்களை நிரப்பின. 1962இல் ‘சுதந்திரப் பாடகர்’ என்ற குழு அமைந்து நாடெங்கும் சென்று நிதி திரட்டிற்று.

இதைப் பொழுதுபோக்கென எண்ணுதல் தவறு. நாற்று நடும் பெண்கள் பாடுவது ஏன்? குனிந்த முதுகின் நோவைப் பங்கிட்டுக்கொள்வதற்காக அன்றோ! பகலில் அடிபட்டவர் மாலையில் ஊர்க்கூட்டத்திற்கு வந்து நடந்ததைச் சொல்லவும், பிறர் அதைக் கேட்டுப் பாடி உணவிட்டு அனுப்பவும் ஓர் ஏற்பாடு இருந்தது. தனியே சுமந்தால் புண்ணாகும் துயரம், கூடிச் சுமக்கும்போது வலிமையாவதுண்டு.

5. முன்னே கடை, பின்னே பள்ளி

தென் கரோலினா கரையோரத்தில் ஜான்ஸ் தீவு என்ற விவசாயப் பகுதி உள்ளது. அங்கே ஏஸா ஜென்கின்ஸ் என்பவர் பஸ் ஓட்டி, தொழிலாளரை நகருக்கு ஏற்றிச் செல்வது வழக்கம். வாக்காளராகப் பதிவதற்கு எழுத்தறிவு வேண்டும் என்ற நிபந்தனையைத் தம் பஸ்ஸிலேயே மக்களுக்குக் கற்பிக்க முயன்றார் அவர். டென்னஸியில் 1932இல் தோன்றிய ஹைலண்டர் மக்கள் பள்ளியின் உதவியும், செப்டிமா கிளார்க் என்ற முதிய ஆசிரியையின் வழிகாட்டலும் அவருக்குக் கிடைத்தன. செப்டிமா கிளார்க், உரிமைச் சங்கம் ஒன்றில் அங்கத்தினராயிருந்த குற்றத்திற்காக 1956இல் வேலையை இழந்தவர்.

ஊரார் சேர்ந்து ஒரு பழைய கட்டடத்தை வாங்கினர். முன்பகுதியில் கூட்டுறவுக் கடை, பின்பகுதியில் பள்ளி. வெளியே பார்ப்போர்க்கு அது மளிகைக் கடை. 1957 ஜனவரியில் முதல் வகுப்பு தொடங்கிற்று. ஆசிரியையாக நியமிக்கப்பட்டவர் பெர்னீஸ் ராபின்ஸன். அவர் ஆசிரியப் பயிற்சி பெற்றவரல்லர். தையலும் சிகை அலங்காரமும் தொழிலாக உடையவர். இரு காரணங்களுக்காக அவரைத் தேர்ந்தனர். முதியோரை அவர் தாழ்வாக நோக்கமாட்டார் என்பது ஒன்று. அவர் வருமானம் தம் மக்களிடமிருந்தே வந்ததால், வேலை போகும் என்று எவரும் அவரை மிரட்ட முடியாது என்பது மற்றொன்று. மக்கள் எதைக் கற்க விரும்பினரோ அதிலிருந்தே அவர் தொடங்கினார்: பெயர் எழுதுதல், தபால் மூலம் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்புதல், பின்னர் வாக்காளர் பதிவுச் சட்டத்தைப் படித்தல்.

கைநாட்டு வைத்துவந்த ஒருவர் முதன்முதலாகத் தம் பெயரை எழுதும்போது அவர் நிமிர்ந்து நிற்கிறார். அவமதிப்பினால் உண்டான புண்ணுக்கு அதுவே முதல் மருந்து. இவ்வகுப்புகள் பின்னர்த் தென்பகுதி முழுதும் பரவிப் பல்லாயிரவரை வாக்காளராக்கின.

6. சோர்வு என்னும் நோய்

இனி இப்பாடத்தின் கடினமான பகுதிக்கு வருகிறோம். மாணவர் கமிட்டியின் களத்தொண்டர்க்கு வாரம் 10 டாலர் படி. பிடித்தம் போகக் கைக்கு வந்தது 9 டாலர் 64 சென்ட். அதுவும் தவறாமல் வருவதில்லை. ஊர்விட்டு ஊர் சென்று, கிடைத்த இடத்தில் உறங்கி, துப்பாக்கிச் சூட்டுக்கு அஞ்சி விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தனர். தாங்கள் அழைத்ததால் பதிவுக்கு வந்த குடியானவர் வீடிழப்பதையும் உயிரிழப்பதையும் கண்டனர். 1961 செப்டம்பரில், மிஸிஸிப்பியில் இயக்கத்திற்கு உதவிய ஹெர்பர்ட் லீ என்ற விவசாயி சுட்டுக் கொல்லப்பட்டார். 1964 ஜூன் 21ஆம் நாள் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர் கொலையுண்டனர். அவர்களில் மூத்தவருக்கு வயது 24. உடல்கள் ஆகஸ்ட் 4ஆம் நாளே கிடைத்தன.

அக்கோடையில் மிஸிஸிப்பிக்கு வந்து தங்கிய தொண்டர்களுக்காக ‘மனித உரிமை மருத்துவக் கமிட்டி’ என்ற அமைப்பு தோன்றிற்று. டாக்டர்களும் தாதியரும் மனநல மருத்துவரும் நூற்றுக்கு மேற்பட்டோர் முறை வைத்து வந்தனர். அந்த ராஜ்யத்தில் வைத்தியம் செய்யும் உரிமைச்சீட்டு இல்லாததால் அவர்கள் முதலுதவி செய்தும், ஆலோசனை கூறியும், உடனிருந்தும் உதவினர். தென்பகுதி இளைஞரிடையே பணி செய்த ராபர்ட் கோல்ஸ் என்ற மனநல மருத்துவர், போராட்டமும் சோர்வும் பற்றி 1964இல் ஒரு கட்டுரை எழுதினார். நெடுநாள் களத்தில் நின்ற இளைஞரிடம் அயர்வும் மனத்தளர்ச்சியும் சினமும் தோன்றுவதை அவர் விவரித்தார். இவை கோழைத்தனத்தின் அடையாளமல்ல. இடைவிடாத அபாயமும் பொறுப்பும் எவரையும் தேய்க்கும் என்பதே அதிலிருந்து நாம் அறியும் உண்மை.

1964 செப்டம்பரில், பாடகர் ஹாரி பெலபான்டே ஏற்பாடு செய்ய, கமிட்டியின் முன்னணித் தொண்டர் சிலரும் ஃபானி லூ ஹேமர் அம்மையாரும் ஆப்பிரிக்காவிலுள்ள கினி நாட்டிற்குச் சென்று சில வாரம் தங்கினர். அமைச்சரும் அதிகாரியும் விமான ஓட்டியும் கறுப்பினத்தவராயிருப்பதை அவர்கள் அங்கே கண்டனர். அது நல்ல மருந்தாயிற்று. ஆனால் அந்த மருந்து கிடைத்தது சிலருக்கே. பெரும்பாலோர் ஓய்வின்றி, சிகிச்சையின்றி உழைத்தனர்.

இதன் விலை என்ன? ரூபி டோரிஸ் ஸ்மித் ராபின்ஸன் பதினெட்டு வயதுக்குள் இயக்கத்தில் சேர்ந்தார். 1961இல் தென் கரோலினா ராக்ஹில் நகரில் ஜாமீன் மறுத்து 30 நாள் சிறையிருந்தார். பின்னர்க் கமிட்டியின் அலுவலகத்தையும் வண்டிகளையும் பணத்தையும் கண்டிப்புடன் நிர்வகித்து, 1966இல் நிர்வாகக் காரியதரிசியானார். இளம் தாயாகவும் இருந்தார். 1967 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 25. ஓயாத உழைப்பே அவரை உருக்கிற்று என உடன் உழைத்தோர் வருந்தினர்.

1964இல் குடியுரிமைச் சட்டமும், 1965 ஆகஸ்ட் 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. மிஸிஸிப்பியில் 100க்கு 7 பேருக்கும் குறைவாயிருந்த பதிவு, 1967இல் 100க்கு 60 என்ற அளவை எட்டிற்று. ஆனால் அவ்வெற்றியை ஈட்டிய மாணவர் கமிட்டியோ உட்பூசலால் பிளந்து, 1970களின் தொடக்கத்தில் மறைந்தது. கொள்கை வேற்றுமையும் அரசாங்க ஒற்றரின் தொல்லையும் நிதிக் குறைவும் அதற்குக் காரணங்கள். ஆறாத சோர்வும் ஒரு காரணம் எனக் கொள்வது பொருந்தும். களைத்த மனம் நண்பனையும் பகைவனாகக் காணும்.

7. உணவும் நிலமும் மருந்தாதல்

மருத்துவக் கமிட்டியைச் சேர்ந்த ஜாக் கைகர் என்னும் டாக்டர், 1967இல் மிஸிஸிப்பியின் மவுண்ட் பாயோ ஊரில் டஃப்ட்ஸ் பல்கலைக் கழகத்தின் ஆதரவுடன் ஒரு சுகாதார நிலையம் ஏற்படுத்தினார். வந்த குழந்தைகளுக்கு நோயின் மூலம் பசியே எனக் கண்டு, மருந்துச் சீட்டிலே பால், காய்கறி, இறைச்சி என்று எழுதிக் கொடுத்தனர். கடைக்காரருக்குரிய பணத்தை மருந்துச் செலவிலே எழுதினர். மேலதிகாரிகள் ஆட்சேபித்தபோது, பசிநோய்க்கு உணவே மருந்து என்பதுதான் வைத்திய நூல் கூறுவது என்று விடையளித்தார் கைகர். ஆனால் எத்தனை காலம் உணவை வாங்கிக் கொடுப்பது? ஊரார் கூடி, 1968இல் வட போலிவர் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். பருத்திக்காகப் பிறர் நிலத்தில் உழைத்த கைகள் தங்கள் குழந்தைகளுக்காகக் கீரையும் அவரையும் கிழங்கும் விளைத்தன. அச்சுகாதார நிலையம் இன்றும் நடைபெறுகிறது.

நெசவாளர் கவனத்திற்குரியது அலபாமாவின் வில்காக்ஸ் ஜில்லாவில் நிகழ்ந்தது. அப்பகுதிப் பெண்கள் கிழிந்த துணிகளை வெட்டி ஒட்டி, குளிருக்குப் போர்வை தைப்பதில் வல்லவர். வாக்காளராகப் பதிந்ததற்காகப் பல குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. 1966 மார்ச்சில் அப்பெண்கள் ‘சுதந்திரப் போர்வைக் கூட்டம்’ என்ற கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். பிரான்ஸிஸ் வால்டர் என்னும் பாதிரியார், போர்வை ஒன்றுக்கு 10 டாலர் வீதம் கொடுத்து வாங்கி, நியூயார்க்கில் ஏலம் விட ஏற்பாடு செய்தார். எஸ்டெல் விதர்ஸ்பூன் அம்மையார் நிர்வாகியாயிருந்தார். சங்கம் 23 ஏக்கர் நிலம் வாங்கித் தையற்கூடம் கட்டிற்று. அந்நிலத்தில் மனை பிரித்து, வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு விற்றது. கந்தலிலிருந்து போர்வை, போர்வையிலிருந்து நிலம், நிலத்திலிருந்து வீடு என வளர்ந்தது அப்பணி. நகரத்துப் பெருங்கடைகளின் ஒப்பந்தங்களைப் பெற்றுப் பல ஆண்டு நடந்தது. உறுப்பினர் முதுமையுற்று, இளையோர் வராமையால் 2012இல் முடிவுற்றது. 1967இல் தோன்றிய தென்னகக் கூட்டுறவுச் சங்கங்களின் சம்மேளனத்தில் இச்சங்கமும் ஒரு மூல அங்கத்தினர்.

மூன்றாவது உதாரணம் ஃபானி லூ ஹேமர் அம்மையாருடையது. 20 குழந்தைகளில் கடைசியாகப் பிறந்து, ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கியவர் அவர். 1962 ஆகஸ்ட் 31ஆம் நாள் வாக்காளராகப் பதியச் சென்றதற்காக, 18 ஆண்டு உழைத்த தோட்டத்திலிருந்து அன்றிரவே வெளியேற்றப்பட்டார். 1963 ஜூனில் வினோனா சிறையில் அவரை அடித்த அடியால் சிறுநீரகம் கெட்டு, வாழ்நாள் முழுதும் துன்புற்றார். அத்தகையவர் 1969இல் ‘சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவை’ 40 ஏக்கரில் தொடங்கினார். கறுப்பின மாதர் தேசியக் கழகத்தின் உதவியுடன் ஒரு ‘பன்றி வங்கி’ அமைந்தது. குடும்பத்திற்கு ஒரு பெண் பன்றி தரப்படும். அது ஈன்றபின் குட்டிகளில் சிலவற்றை வங்கிக்குத் திருப்பித் தர வேண்டும். அவை வேறு குடும்பங்களுக்குச் செல்லும். உணவு கையிலிருந்தால் எவரும் நம்மை மிரட்டிப் பணிய வைக்க முடியாது என்பது அவர் எண்ணம்.

பண்ணை 600 ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. ஆனால் மாதச் சந்தா ஒரு டாலரைக்கூடச் செலுத்த வல்ல குடும்பங்கள் சிலவே. நிலக்கடனும் வரியும் வெளியார் நன்கொடையை நம்பி நின்றன. வெள்ளமும் வறட்சியும் வந்தன. அம்மையாரின் உடல் நலிந்தது. 1970களின் நடுவில் நிலம் கைவிட்டுப் போயிற்று. 1977 மார்ச் 14ஆம் நாள் அவர் காலமானார். ஆறுதல் தரும் ஸ்தாபனத்திற்கும் கணக்கு உண்டு. மூலதனமின்றி விரிந்த சங்கம், எத்துணை உயர்ந்த நோக்கமுடையதாயினும், நிற்காது. ஒருவர் உடல்நலத்தின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றியதும் குறையே.

8. நாம் கொள்ளத் தக்கவை

முதலாவது, ஆபத்து வருமுன் பயிற்சி வேண்டும். வட்டிக்காரரையோ வியாபாரியையோ அதிகாரியையோ எதிர்த்துப் பேச நேரும் இளம் அங்கத்தினர்க்கு, அப்பேச்சைச் சங்கக் கட்டடத்தில் முன்னரே ஒத்திகை பார்க்க வாய்ப்பளித்தல் நன்று.

இரண்டாவது, தலைமை சுழல வேண்டும். ஒரே காரியதரிசி 20 ஆண்டு உழைத்தார் எனப் பெருமை கொள்ளுமுன், அவருக்குப்பின் யார் என்று கேட்க வேண்டும். போர்வைக் கூட்டத்தின் முடிவு இதற்குச் சான்று.

மூன்றாவது, துயரைச் சொல்ல இடம் வேண்டும். கூட்டம் என்றால் தீர்மானமும் கணக்கும் மட்டுமல்ல. பயிர் பொய்த்தவர், தறி நின்றவர், கடனால் மானம் போனதாகக் கருதுபவர் ஆகியோர் வாய் திறந்து பேசவும், பிறர் இகழாது கேட்கவும் ஒரு நாழிகை ஒதுக்கலாம். தீர்வு உடனே கிடைக்காவிடினும் தனிமை நீங்கும்.

நான்காவது, ஓய்வைச் சட்டத்தில் எழுத வேண்டும். தொண்டர்க்குப் படி, விடுமுறை, வைத்தியச் செலவு ஆகியவற்றைத் தருமமாகக் கருதாமல் சங்கத்தின் செலவினமாகக் கருதுக. ‘சுவரை வைத்தே சித்திரம்’ என்பது பழமொழி.

ஐந்தாவது, மனத்திடத்திற்கு அடிப்படை பொருளாதாரம். பயப்படாதே என்று உபதேசிப்பதினும், பயமுறுத்துபவன் கையிலிருந்து அவன் வீட்டையும் உணவையும் விடுவிப்பதே சிறந்த உதவி. அதைச் செய்யவல்ல கருவி கூட்டுறவு. ஆனால் கருவியைக் கணக்குடன் கையாள வேண்டும்.

எல்லா பேக்கர் அம்மையார் இளமையில் கட்ட முயன்ற கூட்டுறவுக் கழகம் சில ஆண்டுகளில் மறைந்தது. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்குப்பின், அங்கே கற்ற பாடத்தைக் கொண்டு அவர் ஒரு தலைமுறை மாணவரை ஒன்று சேர்த்தார். ஆகவே நின்றுபோன சங்கங்களையும் வீணென்று எண்ண வேண்டாம். அவற்றில் பயின்ற மனிதர் எங்கே இருக்கின்றனர் என்று தேடுக. அவர்களை அழைத்து இளைஞர் நடுவில் உட்கார வைக்க.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. ஜான்ஸ் தீவில் பெர்னீஸ் ராபின்ஸனை ஆசிரியையாகத் தேர்ந்த இரு காரணங்கள் யாவை? நம் ஊரில் அத்தகுதி உடையவர் யார்?

2. நாஷ்வில் மாணவர் ஒத்திகைக்குப்பின் தங்கள் அச்சத்தைப் பேசியதனால் விளைந்த நன்மை என்ன?

3. போர்வைக் கூட்டம், சுதந்திரப் பண்ணை ஆகிய இரண்டும் முடிவுற்ற காரணங்களை ஒப்பிடுக. நம் சங்கத்தில் அக்குறைகளில் எது உள்ளது?

4. நம் சங்கத்தின் சென்ற ஆண்டு வரவு செலவில், தொண்டரின் உடல் நலத்திற்கும் இளைஞர் பயிற்சிக்கும் செலவிட்ட தொகை எவ்வளவு? அடுத்த பொதுக்குழுவில் எவ்வளவு கோரலாம்?

5. பல மாதங்களாகக் கூட்டத்திற்கு வராத அங்கத்தினர் யார் யார்? அவர்கள் வராத காரணத்தை அறிந்துவர வட்டத்தினர் இருவர் வீதம் செல்க. கடன் பாக்கியைப் பற்றி அச்சமயம் பேசற்க.